மூச்சு சீரான பிறகுதான் சிகிச்சை தொடங்கியது: விரிவடைந்த இதயத்தோடு என் அனுபவம்

நோயால் இதயத் தசை எப்படி உருமாறுகிறது என்பதைப் பற்றி மருத்துவர்கள் எழுதிய விளக்கங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்த உருமாற்றத்தைத் தன் உடம்பில் சுமந்த ஒருவர் எழுதியது, எனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் கையில் கிடைக்கவில்லை. எனக்கு வந்தது டைலேட்டட் கார்டியோமயோபதி எனப்படும் விரிவடைந்த இதயத் தசை நோய். தனியாக வசித்து, தனியாக மருத்துவமனைக்குப் போய், தனியாகவே அறிக்கைகளைப் படித்துப் புரிந்துகொள்ள முயன்ற அந்தக் காலத்தில், ஒரே ஒரு விஷயத்தை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பல மாத அலைச்சலும் சேமிப்பில் கணிசமான பகுதியும் மிஞ்சியிருக்கும். நாம் உணரும் தொந்தரவும் இதயத்தின் வடிவமும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்பதே அது. இதயம் விரியத் தொடங்கி வெகு காலம் கழித்துத்தான் உடம்பு முறையிடுகிறது. உடம்பின் தொந்தரவு அடங்கி வெகு காலம் கழித்துத்தான் இதயம் பழைய அளவை நோக்கித் திரும்புகிறது, சிலருக்குத் திரும்பாமலே போய்விடுகிறது. இந்த இடைவெளியில்தான் நோயாளிகள் ஏமாந்து போகிறோம் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எனக்கு முதலில் வந்தது வறட்டு இருமல். பகலில் அவ்வளவாகத் தெரியாது. படுத்தால் வரும், எழுந்து உட்கார்ந்தால் அடங்கும். மாடிப்படி ஏறும்போது இளைத்தது. மருத்துவரிடம் போனபோது மூச்சுக்குழல் அழற்சி என்றார். அடுத்தவர் ஆஸ்துமாவின் தொடக்கம் என்றார். ஆன்டிபயாட்டிக், இன்ஹேலர், ஒவ்வாமை மாத்திரை என்று ஒன்று மாற்றி ஒன்றாக வந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் சில நாள் குறைந்தது போலிருக்கும், மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு தலையணை போதாமல் இரண்டாகி, பிறகு மூன்றாகி, கடைசியில் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கப் பழகினேன். காலணியின் கயிற்றைக் கட்டக் குனிந்தால் மூச்சு முட்டியது. மாலையில் காலுறையைக் கழற்றினால் அதன் விளிம்பு கணுக்காலுக்கு மேலே ஒரு பள்ளமாகப் பதிந்திருக்கும்; விரலால் அழுத்தினால் அந்தக் குழி நிரம்பச் சற்று நேரம் பிடிக்கும். பசி குறைந்துகொண்டே போயிற்று, ஆனால் எடை கூடிக்கொண்டே போயிற்று. இவை எல்லாவற்றையும் நான் சொல்லத்தான் செய்தேன். ஆனால் இருமலை ஒருவரிடமும், கால் வீக்கத்தை இன்னொருவரிடமும், தூக்கமின்மையை வேறொருவரிடமும் கேட்டார்கள். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. ஊதியமில்லா விடுப்பிலும் பயனில்லாத மருந்துகளிலும் மாதங்கள் கழிந்தன.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். படுத்தால் கூடி உட்கார்ந்தால் குறையும் இருமல், தூங்கி ஓரிரு மணி நேரத்தில் மூச்சுத் திணறி எழுப்பிவிடுவது, குனிந்தால் மூச்சு முட்டுவது, காலில் நீர் கோப்பது, சில நாட்களுக்குள் எடை இரண்டு மூன்று கிலோ ஏறுவது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஈ.சி.ஜி., ஒரு மார்பு எக்ஸ்ரே, என்.டி.-புரோ பி.என்.பி. என்ற ஒரு இரத்தப் பரிசோதனை, இந்த மூன்றும் போதும் தொடங்குவதற்கு. கடைசியாகச் சொன்னது, கீழறைச் சுவர் அளவுக்கு மீறி இழுபடும்போது இதயத் தசையே சுரக்கும் ஒரு பொருளை அளப்பது. அவசர நிலை இல்லாதவர்களுக்கு அது 125-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த எண் உண்மை நிலையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும் என்பதால் அவர்களுக்கு எக்கோ எனப்படும் இதய ஒலியலைப் படம் எடுத்துப் பார்ப்பதே நல்லது. நான் இன்ஹேலர்களுக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்குக்குள் இவை எல்லாம் முடிந்திருக்கும்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஓர் இரவில், அவசரச் சிகிச்சைப் பிரிவில். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் நீர் கொப்பளிப்பது எனக்கே கேட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, கதவைத் திறக்க வர முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலிலேயே அமர்ந்திருந்தேன். மருத்துவமனையில் "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் தலையை ஆட்டியது இன்றைக்கும் மறக்கவில்லை. தனியாக வசிப்பவர்கள், தங்கள் நோய், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, நெருங்கிய உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கதவருகே வைத்திருப்பது நல்லது. பேச முடியாத நேரத்தில் அந்தத் தாள்தான் பேசும்.

ஆக்சிஜனும், நீரை வெளியேற்றும் ஃப்யூரோசமைடு ஊசியும் கொடுத்தார்கள். விடிவதற்குள் லிட்டர் கணக்கில் நீர் வெளியேறியது. மறுநாள் காலை, பல மாதங்களில் முதல்முறையாக, ஒரே தலையணையில் மல்லாந்து படுக்க முடிந்தது. அந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை; கண்ணீர் தானாக வந்தது. அன்று மதியம் எக்கோ எடுத்தார்கள். திரை என் பக்கம் திரும்பியிருந்தது. இடது கீழறையின் ஒரு சுவரில் ஒரு சிலுவைக்குறி, எதிர்ச்சுவரில் இன்னொரு சிலுவைக்குறி, இரண்டுக்கும் நடுவே புள்ளிக்கோடு; ஓரத்தில் 67 மில்லிமீட்டர் என்று எண் வந்தது. ஆண்களுக்கு இதயம் முழுதாக நிரம்பிய நிலையில் இந்த அளவு ஏறக்குறைய 58 வரை இருக்கலாம், பெண்களுக்கு 52 வரை. எண்ணைவிட என்னைப் பயமுறுத்தியது அந்தச் சுவரின் அசைவு. இதயம் துடிக்கிறது என்றால் சுவர்கள் ஒன்றையொன்று நோக்கிப் பாய்ந்து வரும் என்றுதான் நினைத்திருந்தேன். என் சுவர்கள் இருந்த இடத்திலேயே லேசாக நெளிந்தன. பம்பிங் 24 சதவீதம் என்று எழுதினார்கள்.

மாலையில் வந்த இதய மருத்துவரிடம், மூச்சு நன்றாக இருக்கிறதே, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டேன். "நீங்கள் இப்போது நன்றாக மூச்சு விடுவது நீர் வெளியேறியதால். இதயம் நேற்று இருந்த அளவில்தான் இன்றும் இருக்கிறது. அதற்கான சிகிச்சையை இனிமேல்தான் தொடங்கப் போகிறோம், பல மாதங்கள் ஆகும்" என்றார். அந்த நோய்க்காலம் முழுவதிலும் எனக்குச் சொல்லப்பட்டவற்றில் மிகப் பயனுள்ள சொற்கள் இவைதான்.

பம்பிங் என்று நாம் சொல்லும் எண்ணை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் அந்த 24-ஐப் பார்த்து, என் இதயத்தில் கால் பங்குதான் உயிரோடு இருக்கிறது என்று எண்ணிச் சில இரவுகள் தூங்காமல் கிடந்தேன். கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதே இந்த எண். ஆரோக்கியமான இதயமும் முழுவதையும் தள்ளுவதில்லை. 55 முதல் 70 வரை இருந்தாலே இயல்பு. 40-ம் அதற்குக் கீழும் இருந்தால் பம்பிங் குறைந்த இதயச் செயலிழப்பு என்று வகைப்படுத்துகிறார்கள். அறை பெரிதாகிவிட்டால், சதவீதம் குறைந்தாலும் ஒரு துடிப்பில் வெளியேறும் மொத்த இரத்தம் ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் இதயம் விரியும் காலத்தில் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: சுவர் தடித்து விறைத்துப் போன இதயத்தில் பம்பிங் 60 என்று அழகாக இருக்கும், ஆனால் அறை சரியாகத் தளர்ந்து நிரம்பாததால் மூச்சு வாங்கும். எனவே அறிக்கையில் அந்த ஒரே எண்ணோடு நிறுத்திவிடாமல், கீழறையின் அளவு, சுவரின் தடிமன், இடது மேலறையின் அளவு, வால்வுக் கசிவு ஆகிய நான்கையும் சேர்த்துக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதயம் ஏன் விரிகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு வாரங்கள் ஆயின. இதயத் தசைச் செல்கள் எளிதில் புதிதாக உண்டாவதில்லை. வளர்ந்தவர்களுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒரு செல், வயதாக ஆக அதற்கும் குறைவாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே பாரம் கூடும்போது இருக்கிற செல்களைப் பெரிதாக்குவதைத் தவிர இதயத்துக்கு வேறு வழி கிடையாது. எந்த வகைப் பாரம் என்பதைப் பொறுத்து அது இரு விதமாக நடக்கிறது. உயர் இரத்த அழுத்தத்திலும் பெருந்தமனி வால்வு சுருக்கத்திலும் இதயம் அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். அப்போது செல்லுக்குள் சுருங்கி விரியும் அலகுகளான சார்கோமியர்கள் பக்கவாட்டில் அடுக்கடுக்காகச் சேர்கின்றன, செல் தடிக்கிறது, சுவரும் தடிக்கிறது. வால்வு கசிந்து ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தம் வந்து நிரம்பும் நிலையில் அதே அலகுகள் நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன, செல் நீள்கிறது, அறை விரிகிறது. மாரடைப்பில் இன்னொரு விதம்: இறந்த பகுதி தழும்பாகி மெலிந்து இழுபட, அதற்குத் தொலைவில் உள்ள நல்ல தசையும் கூடுதல் வேலையை ஏற்று மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உருமாறுகிறது. பாரம் சுமப்பவரின் தோள் காய்த்துப் போவது போல, தொடக்கத்தில் இது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடுதான்; பாரம் இறங்காமல் நீடிக்கும்போது அந்த ஏற்பாடே நோயாகிவிடுகிறது.

அது நோயாகும் விதம் எனக்கு வியப்பையும் அச்சத்தையும் ஒருசேரத் தந்தது. சுவரின் மீது விழும் இழுவிசை, அறைக்குள் இருக்கும் அழுத்தத்தையும் அறையின் ஆரத்தையும் பெருக்கி, சுவரின் தடிமனால் வகுத்த அளவுக்கு ஏற்ப அமைகிறது. இதை லாப்ளாஸ் விதி என்கிறார்கள். அறை விரிந்து சுவர் மெலிந்தால் கணக்கின் மேலும் கீழும் ஒரே நேரத்தில் கெடுகிறது. இழுவிசை கூடக்கூடத் தசைக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது, களைத்த தசை மேலும் விரிகிறது. இதற்கிடையில் இரத்த ஓட்டம் குறைந்ததை உணரும் சிறுநீரகம், உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் வழியே ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் கூடி உப்பையும் நீரையும் தேக்கிவைக்கின்றன, இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. நார்அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் இதயத்தைச் சாட்டையாலடித்து ஓட்டுகிறது. இதே பொருட்கள் இதயத் தசைகளுக்கு நடுவே உள்ள நார்ச்செல்களையும் தூண்டி, கொலாஜன் என்னும் நார்ப்பொருளை அளவுக்கு மீறிப் படியச் செய்கின்றன. அப்படிப் படிந்த இடம் விறைக்கிறது, மின்னோட்டம் தடைபட்டு ஆபத்தான துடிப்புக் கோளாறுகளுக்கு வழி பிறக்கிறது. நீள்வட்டமாக இருக்க வேண்டிய கீழறை உருண்டையாகும்போது, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ்களைப் பிடித்திருக்கும் தசைகள் விலகிப்போய் இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. என் அறிக்கையிலும் மிதமான மைட்ரல் கசிவு என்று இருந்தது. அதற்கு வால்வு அறுவைச் சிகிச்சை வேண்டுமோ என்று கலங்கினேன். வால்வில் பழுதில்லை, அறை சுருங்கினால் கசிவும் குறையும் என்று மருத்துவர் சொன்னபடியே பின்னால் நடந்தது. அறிக்கையில் வால்வுக் கசிவு என்று கண்டால், பழுது வால்வில் இருக்கிறதா, கீழறை விரிந்ததால் வந்ததா என்று கேளுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை வெவ்வேறு.

காரணம் தேடும் படலம் அலுப்பூட்டுவது, ஆனால் தவிர்க்கக்கூடாதது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரிக் குழாய்களில் அடைப்பில்லை என்று ஆஞ்சியோகிராம் காட்டியது. தைராய்டு, இரும்புச்சத்து, மதுப்பழக்கம், முன்பு வந்த வைரஸ் காய்ச்சல், புற்றுநோய்க்கான மருந்துகள், இடைவிடாத வேகத் துடிப்பு, பெண்களானால் பிரசவத்தை ஒட்டிய காலம், எல்லாவற்றையும் கேட்டார்கள். இவற்றில் சிலவற்றைச் சரிசெய்தாலே இதயம் வெகுவாக மீளும் என்பதால் பட்டியலில் ஒன்றையும் விட்டுவிட வேண்டாம். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பிறகு கடோலினியம் என்ற, படத்தில் வேறுபடுத்திக் காட்டும் மருந்தைச் செலுத்தி இதய எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். தழும்பு உள்ள இடத்தில் அந்த மருந்து தங்கி வெண்மையாகத் தெரியும். மாரடைப்பால் வந்த தழும்பு சுவரின் உட்புற அடுக்கிலிருந்து தொடங்கும்; எனக்கோ இரு கீழறைகளுக்கும் இடையிலான சுவரின் நடு அடுக்கில் மெல்லிய வெள்ளைக் கீற்றாக ஓடியது. படத்தைக் காட்டி விளக்கச் சொல்லிப் பார்த்தேன். பம்பிங் எண்ணில் தெரியாத செய்தி அதில் இருந்தது: உயிருள்ள தசை விரிந்திருந்தால் சுருங்க வாய்ப்புண்டு, நாராகிப் போன இடம் பெரும்பாலும் அப்படியே நிற்கும், துடிப்புக் கோளாறுக்கான அபாயமும் அங்கேதான் கூடுதல்.

மருந்துகளுக்கு வருகிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கைநிறைய மாத்திரைகள் கொடுத்தார்கள். எது எதற்கு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. பின்னால் நானே கேட்டுத் தெரிந்துகொண்ட பிரிவினை எனக்குப் பெரிதும் உதவியது. ஃப்யூரோசமைடு நீரை வெளியேற்றும், மூச்சை எளிதாக்கும், ஆனால் இதயத்தின் வடிவத்தைத் தொடாது. வடிவத்தை மாற்ற முயல்பவை வேறு நான்கு வகை. முதல் வகை ஆஞ்சியோடென்சின் பாதையை அடக்குபவை: மாரடைப்புக்குப் பின் பம்பிங் குறைந்தவர்களுக்கு கேப்டோபிரில் உயிரிழப்பைக் குறைக்கிறது என்று 1992-இல் வெளியான சேவ் ஆய்வு காட்டியது, இப்போது பலருக்கு சாகுபிட்ரில்-வால்சார்டன் கொடுக்கிறார்கள், 2014-இன் பாரடைம் ஆய்வு அதற்கு அடிப்படை. இரண்டாவது, நார்அட்ரினலினின் தாக்கத்தைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர். ஒரு காலத்தில், பலவீனமான இதயத்துக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்றுதான் கற்பித்தார்கள். 1975-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகர மருத்துவர்கள் விரிவடைந்த இதயம் கொண்ட ஒரு சிலருக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினார்கள். 1999-இல் வெளியான பெரிய ஆய்வுகள் பைசோப்ரோலாலும் மெட்டோப்ரோலாலும் உயிரைக் காப்பதை உறுதிசெய்தன. மூன்றாவது ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன். நார்ப்படிவுக்குத் தூண்டுகோலாக இருப்பதையே இது தடுக்கிறது. நான்காவது டாபாகிளிஃப்ளோசின் வகை. "எனக்குச் சர்க்கரை இல்லையே, இதை ஏன் கொடுத்திருக்கிறார்கள்?" என்று மருந்துச் சீட்டைப் பார்த்துக் குழம்பினேன். நீரிழிவு இல்லாதவர்களுக்கும் இதயச் செயலிழப்பில் இது உதவுகிறது என்பதை 2019-இன் டாபா ஆய்வு காட்டியிருக்கிறது. இந்த நான்கில் எதுவும் உட்கொண்ட அன்றைக்கே நமக்குச் சுகம் தெரியும்படி வேலை செய்வதில்லை. அதனாலேயே, பலன் தெரியவில்லை என்று முதலில் நிறுத்தப்படுபவையும் இவையாகவே இருக்கின்றன.

முதல் சில மாதங்கள் உண்மையில் கொடியவை. பீட்டா பிளாக்கரை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கொரு முறை கூட்டினார்கள். ஒவ்வொரு முறை கூட்டும்போதும் கைகால் ஈயமாகக் கனத்தது, எழுந்து நின்றால் கண் இருட்டியது. நீர் இறங்கிய மறுநாள் இருந்த தெம்புகூட இல்லாமல் போனது. மருத்துவமனையிலிருந்து வந்ததைவிட மோசமாகிவிட்டேன் என்று நம்பி அழுத நாட்கள் உண்டு. தொந்தரவு கூடிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் இதயம் சுருங்கத் தொடங்கியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள், தானாக மாத்திரையை விட்டுவிடாமல் மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கூட்டும் வேகத்தைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், நீர் மாத்திரையைக் குறைத்தாலே தலைச்சுற்றல் நிற்கலாம். இரத்த அழுத்த எண் குறைவாக இருந்து தலைச்சுற்றல் இல்லையென்றால் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். மருந்து தொடங்கியோ கூட்டியோ ஓரிரு வாரத்தில் பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றின் இரத்தப் பரிசோதனை அவசியம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நீரைத் தேக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்; எந்த மருத்துவரிடம் போனாலும் இதய நோய் இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொடிகளில் பொட்டாசியம் இருக்கும் என்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும். காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே எடைக்கருவியில் தினமும் எடை பார்த்து எழுதுங்கள்; மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் அழையுங்கள்.

பணம் அதிகமாக வீணானது எக்கோவில். விடுப்பும் வேலையும் மாறி மாறி வந்ததால் வெவ்வேறு மையங்களுக்கு அனுப்பப்பட்டேன். ஓரிடத்தில் பம்பிங் 30 என்றார்கள், சில வாரங்களில் இன்னோரிடத்தில் 26 என்றார்கள். முதல் எண்ணுக்கு மகிழ்ந்து, இரண்டாம் எண்ணுக்கு மனமுடைந்து, பிறகு நம்பாமல் மறுபடி எடுத்தேன். எக்கோவில் கீழறையின் விளிம்பைப் பார்ப்பவர் கண்ணால் கண்டு வரைகிறார். ஆளுக்கு ஆள், கருவிக்குக் கருவி ஐந்து புள்ளிக்கு மேலும்கூட வேறுபடும். அப்படிப்பட்ட வேறுபாட்டை முன்னேற்றம் என்றோ பின்னடைவு என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. கூடுமானவரை ஒரே இடத்தில், ஒரே கருவியில், மருத்துவர் சொன்ன இடைவெளியில் மட்டும் எடுங்கள். அறிக்கைத் தாளோடு அசையும் படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே மருத்துவர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நம்பத்தக்க ஒப்பீடு.

ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்து, இதயம் திடீரென நின்றுபோவதைத் தடுக்கும் ஐ.சி.டி. என்ற கருவியைப் பொருத்துவதா என்ற கேள்வி அடுத்து வந்தது. பம்பிங் 35-ம் அதற்குக் கீழும் இருந்தால் இதைப் பற்றிப் பேசுவார்கள்; ஆனால் சரியான மருந்துகளில் குறைந்தது மூன்று மாதம் இருந்த பிறகே முடிவெடுப்பது முறை, ஏனென்றால் அதற்குள் இதயம் தானே மீளக்கூடும். மூன்று மாதத்தில் எனக்கு 33. எம்.ஆர்.ஐ.யில் கண்ட கீற்று முடிவைக் கடினமாக்கியது. மருந்துகள் முழு அளவை எட்டாததால், துடிப்பைப் பல நாள் தொடர்ந்து பதிவுசெய்து பார்த்துவிட்டு, இன்னும் சிறிது காலம் காத்திருக்க முடிவு செய்தார்கள். அந்தக் காத்திருப்பில் இரவு விளக்கை அணைக்கவே பயந்தேன். இந்த நிலைக்கு வருபவர்கள், மூன்று மாதம் என்பதை எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள், மருந்து முழு அளவை எட்டியிருக்கிறதா, ஈ.சி.ஜி.யில் இடது கிளை மின்தடை, அதாவது இடது கீழறைக்கு மின்னோட்டம் தாமதமாகச் செல்வது, இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், இரு சுவர்களையும் ஒரே நேரத்தில் துடிக்கவைக்கும் சி.ஆர்.டி. கருவி சிலருக்கு விரிந்த இதயத்தையே சுருங்கவைக்கிறது.

எனக்கு அடுத்த எக்கோவில் 41, அதற்கும் பிறகு 50. கீழறை 67-லிருந்து 57-க்கு வந்தது. மைட்ரல் கசிவு இலேசானதாயிற்று. நடுச்சுவரின் கீற்று மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த நிலையில்தான் சுற்றியிருப்பவர்கள், "எண்ணெல்லாம் நார்மலாகிவிட்டதே, இன்னும் ஏன் இத்தனை மாத்திரை?" என்று அன்போடு கேட்கத் தொடங்குகிறார்கள். இதற்கு விடை 2019-இல் வெளியான ட்ரெட் ஆய்வில் இருக்கிறது. இலண்டனில், விரிவடைந்த இதயம் மருந்தால் மீண்டு தொந்தரவின்றி இருந்த 51 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினருக்கு மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள், மறுபாதியினர் தொடர்ந்தார்கள். ஆறு மாதத்துக்குள், நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. மீண்ட இதயம் வெளிப்பார்வைக்குப் பழைய அளவுக்கு வந்தாலும், தசைக்குள் நடந்த மாற்றங்கள் முழுவதும் அழிந்துவிடுவதில்லை என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. அறிக்கையில் "மேம்பட்ட பம்பிங்" என்று எழுதுவார்கள். குணமானது என்று எழுத மாட்டார்கள். எந்த மாத்திரையையாவது குறைக்கலாமா என்பதை மருத்துவரோடு மட்டும் பேசுங்கள், குறைத்தால் எப்போது எக்கோ எடுப்பது என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உடன்பிறந்தவர்களைப் பற்றி. இந்த நோய் குடும்பத்தில் தொடர்வதுண்டு. அப்படித் தொடரும் குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் டைட்டின் என்ற தசைப் புரதத்தின் மரபணுவில் குறை காணப்படுகிறது. காரணம் பிடிபடாத விரிவென்றால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தங்கை உடனே போனாள். அளவுகள் இயல்பாக இருந்தன, ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள், ஏனென்றால் இன்று இயல்பாக இருப்பது பிறகும் அப்படியே இருக்கும் என்ற உறுதி இல்லை. தம்பி மறுத்துக்கொண்டே இருந்தான். "அண்ணா, எனக்கு இருமல்கூடக் கிடையாது, தினமும் ஓடுகிறேன்" என்றான். ஓடுபவர்களின் இதயமும் ஓரளவு பெரிதாவதுண்டு என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையும்கூட, அதனால்தான் அளந்து பார்க்காமல் எது எதுவென்று சொல்ல முடியாது. நான் விடவில்லை. அவனுக்குக் கீழறை 61, பம்பிங் 46. தொந்தரவு ஏதும் இல்லை. பயிற்சியால் வந்ததா நோயா என்று எம்.ஆர்.ஐ.யிலும் உழைப்புப் பரிசோதனையிலும் பார்த்து, நோயின் தொடக்கம் என்று முடிவுசெய்து இரண்டு மாத்திரைகளைத் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த எக்கோவை அதே மையத்தில் எடுக்கச் சொல்லி, முதல் எக்கோவின் படங்களை அவனிடமே வாங்கி வைக்கச் செய்திருக்கிறேன்.